பாறை இருந்த உயரம்

மைசூர் ஹெப்பாள் கம்பெனி பஸ்கள் எதிரே வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான் ஹுன்சூர் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் தேங்காய் நார்க்கயிறு இரண்டு சுருள். தூறல் ஆரம்பித்ததும் நின்று, போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றிக் கயிற்றின்மேல் போர்த்தினேன். கயிறு நனையக் கூடாது. காய்ந்த நாரால் கட்டினால் அப்புறம் மழை பட்டு உப்பி முடிச்சு இறுகும். ஈர நாரால் கட்டினால் காயும்போது தளர்ந்துவிடும். சாரம் கட்டிப் பிழைக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

பின்னால் மச்சான் வந்தார். என் அக்காவின் கணவர்; என்னோடு அதே கட்டடத்தில் சாரம் கட்டுகிறவர்.

"கயித்துக்குக் கோட்டு போட்டுட்டு நீ நனையற. கயித்துக்குக் காய்ச்சல் வந்துருமா மாப்பிளே?"

"நீங்க எதுக்கு வர்றீங்க மச்சான்? நான் ஒருத்தன் பேச்சு வாங்கினது போதாதுங்களா?"

"நீ தனியா ஓடையில சாரம் கட்டி விழுந்தின்னா உங்கக்காளுக்கு யாரு பதில் சொல்றது? நடடா."

கேட்டில் நின்ற இன்ஜினியர் கன்னடத்தில் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: "ஹோத்ரே ஹோகு. நாளே பரபேடா." போனால் போ, நாளைக்கு வராதே. அவர்மேல் தப்பு இல்லை. நாலாவது மாடி வரைக்கும் சாரம் ஏறியிருந்தது, ஐந்தாவதற்கு ஆள் வேண்டும். இந்த வாக்கியத்தை நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். மில், குடோன், கல்யாண மண்டபம் என்று இடம் மாறும். மாதம் மட்டும் மாறாது. ஆடியில் மழை வலுக்கும்போது நான் இரண்டு மூன்று நாள் போயாக வேண்டும். திரும்பி வந்தால் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். தேடிக்கொள்வேன்.

"நீங்க என்ன சொல்லிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"மாமியார் செத்துட்டாங்கன்னு."

"அது எங்கம்மாங்க மச்சான்."

"தெரியும்டா. போன தடவையும் அவங்களேதான். இன்ஜினியர் எத்தனை மாமியாருன்னு கேட்டாரு. ரெண்டு சம்சாரம்னு சொல்லிட்டேன். வாயைப் பொளந்து லீவு குடுத்துட்டாரு."

ஹுன்சூர் ரோட்டில் விராஜ்பேட்டை பஸ் வந்தது. கண்டக்டர் கயிற்றைப் பார்த்து, "ஏனு, யாரன்ன நேது ஹாக்கக்கே?" என்றான். யாரைத் தூக்கில் போட என்று கேட்கிறான். "இவனைத்தான்" என்று என்னைக் காட்டினார் மச்சான்.

போகிற இடம் குடகில், கேரள எல்லையை ஒட்டிய மழைக்காட்டில் ஒரு அருவி. தனிப்பெயர் கிடையாது. அந்தப் பக்கத்துக் கன்னடத்தில் அருவி என்றாலே அபி. காப்பித் தோட்டத்தார் அதை அபி என்று மட்டும் சொல்வார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் அந்தத் தோட்டத்தில் மிளகு பறிக்கப் போயிருந்தேன். மிளகு சீசன் முடிந்தும் ஊர் திரும்பப் பிடிக்காமல் மழைக்காலம் வரை அங்கேயே கிடந்தேன். எனக்கு ஊர் கர்நாடக எல்லைக்குள் ஹனூர் பக்கம். ஏழாவது வரை கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து, பொட்டலம் கட்டி வந்த பேப்பர்களைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. ஓரிடத்தில் இரண்டு வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இதனால் கல்யாணம் ஒன்று தட்டிப்போனது, நல்ல வேலைகளும் போயின.

நான் அருவியைப் படம் எடுக்கிற கேமரா, மைசூரில் கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர் விற்றது. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருந்ததால் அவருக்கு அது உதவவில்லை. படத்தின் இடது மேல் மூலையில் எப்போதும் ஒரு வெளிறிய திட்டு விழும். அந்த மூலையில் வானம் வருகிற மாதிரி நிற்கப் பழகிக்கொண்டேன். ஷட்டரை மெதுவாக வைத்தால் தண்ணீர் பஞ்சு மாதிரி வரும், ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று அவர் சொன்னார். ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். அருவியைப் போர்வையால் மூடி வைத்த மாதிரி இருந்தது. அப்புறம் அப்படி எடுக்கவில்லை.

முதல் படத்தை ஒரு பாறைமேல் உட்கார்ந்து எடுத்தேன். அழகு பார்த்து ஏறிய பாறை இல்லை. கீழே நின்றால் அட்டை ஏறும். அந்தப் பாறை வழுவழுவென்று தண்ணீருக்குள் நின்றதால் அட்டை அங்கே வராது. அடுத்த வருஷம் மழையில் அந்தப் பக்கம் போனபோதும் அட்டைக்குப் பயந்து அதே பாறைமேல் ஏறினேன். இரண்டு படத்தையும் மைசூரில் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அருவியின் உச்சியில் வலப்பக்கம் இருந்த மரம் இரண்டாவது படத்தில் இல்லை. நான் அங்கே நின்று பார்த்தபோது மரம் போனதைக் கவனிக்கவே இல்லை. படம்தான் சொன்னது.

மூன்றாவது வருஷம் வேண்டுமென்றே போனேன். அதே பாறை, அதே மாதிரி உட்கார்ந்து, முழங்கைகளை முட்டிமேல் ஊன்றி. நேரமும் அதே, மதியம் மூன்று மணி வாக்கில்; அது பஸ் எடுத்த முடிவு, நான் எடுத்தது இல்லை. ஒரு வருஷம் மேலே எங்கோ ரோடு வெட்டினார்கள், தண்ணீர் செம்மண்ணாக விழுந்தது. ஒரு வருஷம் இடப்பக்கம் காட்டுவாழைக் குத்து ஒன்று முளைத்தது; நாலு வருஷம் பெருத்து, அப்புறம் காணாமல் போனது. தோள் எலும்பு முறிந்திருந்த வருஷம் இடது கையால் எடுத்தேன். அந்தப் படம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஊரடங்கு வருஷம் காய்கறி லாரியில் போனேன். மொத்தம் பன்னிரண்டு படம். மச்சான் அவற்றைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்துவிட்டு, "ஒரே படத்தைப் பன்னண்டு காப்பி போட்டு வச்சிருக்கான் பாரு" என்று அக்காவிடம் சொன்னார். யாருக்கும் காட்டுவதற்காக எடுத்தவை இல்லை அவை. பள்ளிக்கூடம், வேலை, வீடு என்று எதையும் நான் முடித்ததில்லை. விடாமல் செய்த காரியம் இது ஒன்றுதான். இதையும் விட்டுவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டாவது படம் எடுத்துப் போன அடுத்த மாதமே அங்கே மண் சரிந்தது. தோட்டத்துக் கூலியாட்களின் லைன் வீட்டில் இருக்கும் ஓர் அக்கா போன் செய்து சொன்னாள்: "பள்ளம், உன் பாறை போச்சுடா."

பள்ளம் என்பது அவள் எனக்கு வைத்த பெயர். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். முதல் வருஷம் அவளிடம், "பள்ளத்துல தண்ணி வருதுங்களாக்கா?" என்று கேட்டேன். அவள் குடும்பம் தர்மபுரிப் பக்கமிருந்து தோட்டத்துக்கு வந்தது; அவளுக்குப் பள்ளம் என்றால் குழி. "குழியில விழறதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து நான் பள்ளம்.

ஓடையை நடந்தே தாண்டக்கூடிய கோடையில் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பாறை இருந்த இடத்தில் சேறும் சரளையும்தான். கரையில் நின்று எடுத்துப் பார்த்தேன். வேறு அருவி மாதிரி இருந்தது. மைசூர் திரும்பும் பஸ்ஸில்தான் அந்த யோசனை வந்தது. மாடி இல்லாத இடத்தில் மாடி உயரத்துக்கு மனிதனை நிறுத்துவதுதான் என் தொழில். பாறை இல்லாத இடத்தில் பாறை உயரத்துக்கு ஏன் நிறுத்த முடியாது?

தோட்டத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. லைன் வீட்டு அக்காவிடம் போகிற வழியில் ஓடையைத் தாண்டப் பலகைப் பாலம் ஒன்று இருந்தது. சரிவில் அதுவும் போயிருந்தது; மழைத்தண்ணீர் வேகத்தில் சுமையோடு அங்கே இறங்க முடியாது. பக்கத்துத் தோட்டம் வழியாக ஒரு மணி நேரம் சுற்றினோம். காலில் உப்பும் புகையிலையும் தேய்த்திருந்தும் அட்டை ஏறியது. மச்சான் ஒவ்வொரு அட்டையைப் பிய்க்கும்போதும் என்னைத் திட்டினார்.

"வந்துட்டான்யா பள்ளம்" என்றாள் அக்கா. "இவரு யாரு?"

"எங்கக்கா வீட்டுக்காரருங்க."

"உனக்குக் கிறுக்கு, சரி. இவருக்கும் புடிச்சிடுச்சா?"

"எனக்குக் கல்யாணத்தன்னிக்கே புடிச்சிருச்சுங்க. இவங்க குடும்பத்துல பொண்ணு எடுத்தேன்ல" என்றார் மச்சான்.

அருவிக்குப் போகும் பாதையோரம் நல்ல மூங்கில்கள் குவிந்து கிடந்தன. சரிவு இழுத்து வந்து போட்டவை என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான், யாரிடமும் கேட்கவில்லை. வேண்டியதைத் தூக்கிக்கொண்டு போனோம்.

காடு சொட்டிக்கொண்டிருந்தது. பகல் மூன்றரைக்கே இருட்டு. மனிதன் சீட்டியடிப்பது போலக் கூவுகிற கறுநீலக் குருவி ஒன்று எங்கோ கூவியது. அருவி கண்ணில் படுவதற்கு முன்னால் காலுக்குத் தெரியும்; தரை லேசாக அதிரும். மச்சான் அதை முதல் தடவை பார்க்கிறார். தோளிலிருந்த மூங்கிலை இறக்கிவைத்தார். அப்புறம், "இதுக்கா பன்னண்டு வருசம்?" என்றார். பழைய கேலி அதில் இல்லை.

வேலையை ஆரம்பித்தோம். தண்ணீர் முழங்காலளவு. நாலு மூங்கிலைக் கால்களாக ஊன்றி, கொண்டுவந்த சிமென்ட் சாக்குகளில் சரளை நிரப்பி ஒவ்வொரு காலின் அடியிலும் இரண்டு வைத்தோம். குறுக்குக் கம்புகள், அவற்றின்மேல் உட்காரப் பலகை. பாறையின் உயரம் எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் நின்றால் என் தாடை வரைக்கும் வரும். தாடை உயரத்தில் பலகை வைத்தேன். கயிறு காய்ந்தே இருந்தது. கட்டக் கட்ட மழை அதை இறுக்கியது.

ஏறி உட்கார்ந்து எடுத்தேன். கேமராவின் திரையையும் பிளாஸ்டிக் உறையில் இருந்த பழைய பிரிண்ட்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஓடையின் நடுவே ஆட்டோ அளவுக்கு ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. அருவிக்குப் பின்னால் இருக்கும் பாறைச்சுவரில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பன்னிரண்டு படத்திலும் கறுப்புக் கல்லின் உச்சி அந்த வெள்ளைக் கோட்டைப் பாதி மறைக்கும். இப்போது கோடு கல்லுக்கு மேலே தனியாக, முழுசாகத் தெரிந்தது. நான் தேவைக்கு மேல் உயரத்தில் இருந்தேன்.

"தாடை வரைக்கும்தான் மச்சான் வச்சேன். சரியாத்தான் அளந்தேன்."

மச்சான் தண்ணீருக்குள் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். "எங்கிருந்து அளந்தே?"

"தரையில இருந்து."

"எந்த மேஸ்திரிகிட்டடா நீ தொழில் கத்துக்கிட்டே? மேலேருந்து ஒரு மலையே எறங்கி வந்து இங்க படுத்திருக்குது. உன் தரை மேல வந்துருச்சு. பில்லர்ல கோடு போட்டு லெவல் எடுக்கறவன் நீ, இங்க வந்து சேத்தை நம்பியிருக்கே!"

 கட்டடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான்: தரை ஏறும், இறங்கும், அதிலிருந்து அளக்காதே. அன்றைக்கு வெளிச்சம் போய்விட்டது. திரும்பினோம்.

மறுநாள் காலையில் கட்டைத் தளர்த்திப் பலகையை இறக்கலாம் என்று போனால் முடிச்சுகள் அவிழவில்லை. காய்ந்த நாரால் கட்டியதன் பலன். கத்தியால் அறுத்தால் மறுபடி கட்டக் கயிறு போதாது. முதல் குறுக்குக் கம்புகளை அப்படியே விட்டுவிட்டு, மீதிக் கயிற்றால் அதற்குக் கீழே புதிதாக ஒரு அடுக்குக் கட்டினோம். நான் பலகையில் உட்கார்ந்து பார்ப்பேன், மச்சான் இறக்குவார்.

"இன்னும் நாலு விரல்."

"போதுமா?"

"இன்னும் ரெண்டு."

"ஒரேடியாச் சொல்லித் தொலையேன். மாப்பிள்ளைக்கு மணவறை சோடிக்கிற மாதிரி ஏத்தி எறக்கிட்டு இருக்கேன்."

ஒன்றரைச் சாண் இறக்கிய பிறகு வெள்ளைக் கோடு பாதி மறைந்தது. உயரம் சரி. அடுத்தது இடம் வலம். கறுப்புக் கல்லின் வலது ஓரம், சுவரில் இருக்கும் ஒரு நெட்டு வெடிப்பைத் தொட வேண்டும். பலகையை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளியதும் தொட்டது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழ் நடுவில் நின்றது. இறங்காமல் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மச்சான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பாறையவே தூக்கிட்டுப் போன சரிவு, அந்தக் கறுப்புக் கல்லை நகர்த்தலைன்னு என்ன நிச்சயம்? நகர்ந்திருந்தா?"

எனக்குக் குளிர் அப்போதுதான் தெரிந்தது. நகர்ந்திருந்தால் இரண்டு குறியும் பொய். நான் பொருத்தியது வேறு ஏதோ இடம். பாறை இருந்த இடத்தை இனி எந்தச் சாரம் கட்டியும் கண்டுபிடிக்க முடியாது. பன்னிரண்டோடு முடிந்தது.

பிரிண்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கறுப்புக் கல்லைச் சேராத ஒரு குறி வேண்டும். சுவரிலேயே இருக்க வேண்டும், சுவர் நகராது. இருந்தது. பெரிய அருவிக்கு இடப்பக்கம் பாறைச்சுவர் மூக்கு மாதிரி வெளியே நீண்டிருக்கும். அதன் பின்னால் ஒல்லியாக ஒரு கிளை அருவி. நான் அதைச் சின்னது என்று சொல்வேன். எல்லாப் படத்திலும் மூக்கு சின்னதைப் பாதி மறைக்கும். இங்கிருந்து பார்க்கும்போதும் பாதி மறைந்தால் கறுப்புக் கல் நகரவில்லை. முழுசாகத் தெரிந்தாலோ, முழுசாக மறைந்தாலோ எல்லாம் போச்சு.

சிக்கல் ஒன்றுதான். மழை வலுத்தால்தான் சின்னது விழும். இப்போது சுவர் அங்கே வெறுமையாக இருந்தது.

"வர்றவரைக்கும் இங்கயே இருக்கேன்."

"மழை வலுத்தா தண்ணி ஏறும்டா."

"ஏறட்டுங்க."

"ஏறட்டுங்க!" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டுக் கரைக்குப் போய் ஒரு மரத்தடியில் குந்தினார்.

பதினொரு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பசித்தது. அக்கா கட்டிக்கொடுத்த அரிசிமாவு அக்கி ரொட்டி மச்சானிடம் இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே தின்றார். லென்ஸில் நீர்த்துளி படியப் படியப் பழைய பனியன் துணியால் துடைத்தேன். துணி நனைந்ததும் சட்டைக்குள் இருந்த இன்னொன்றை எடுத்தேன். கால் மரத்துப்போனது. கூரை இல்லாமல் இதைவிட மோசமாக இருந்திருக்கிறேன். இங்கே நானாக ஏறி உட்கார்ந்திருக்கிறேன், அதனால் குறை சொல்ல வழியில்லை.

இரண்டு மணிக்கு மேல் காட்டின் சத்தம் மாறியது. தூரத்தில் யாரோ சரளை கொட்டுவது போல ஆரம்பித்து அது எங்கள் தலைக்கு வந்தது. மழை என்று அதைச் சொல்லக் கூடாது, காற்றே தண்ணீராகிவிட்டது. பெரிய அருவி அகன்றது. சாரத்தின் கால்களைச் சுற்றி நுரை சுழன்றது. பலகை நடுங்குவது என் பல்லில் தெரிந்தது.

"எறங்குடா!" மச்சான் தண்ணீருக்குள் வந்து ஒரு காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். இடுப்புவரை தண்ணீர்.

"சின்னது இன்னும் வரலீங்க!"

"நீ செத்தா உங்கக்கா என்னைக் கொன்னுருவா! எறங்குடான்னா!"

"முடிச்சு எப்படி இருக்குதுங்க?"

அவர் தடவிப் பார்த்தார். "கல்லாட்டம் இருக்குது" என்றார், எரிச்சலோடு. பொய் சொல்லி என்னை இறக்கியிருக்கலாம். கட்டு விஷயத்தில் அவர் பொய் சொல்ல மாட்டார்.

சுவரில் மூக்குக்குப் பக்கத்தில் முதலில் ஒரு கறுத்த ஈரம் இறங்கியது. பிறகு ஒரு நூல். நூல் அறுந்தது. மறுபடி வந்தது, தடித்தது. நான் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிரிண்ட்டைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். சின்னது விழுந்துகொண்டிருந்தது. அதன் வலது பாதி மூக்குக்குப் பின்னால் மறைந்திருந்தது. பழைய படங்களில் இருப்பது போலவே.

முழங்கைகளை முட்டிமேல் ஊன்றினேன். லென்ஸைத் துடைத்து ஒன்று எடுத்தேன். துடைத்து இன்னொன்று. மூன்றாவது எடுக்கும்போது துளி விழுந்துவிட்டது, பரவாயில்லை. கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கால் மரத்திருந்ததால் பாதியில் விழுந்தேன். மச்சான் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார். அப்புறம் முதுகில் ஓர் அறை விட்டார்.

"பொருந்திச்சா?"

"பொருந்திருச்சுங்க."

"காட்டு" என்றார். நனைந்த கையைத் துடைக்க இடமில்லாமல், திரையைத் தொடாமல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

பாதையில் குடை ஒன்று வந்தது. தோட்டத்து ரைட்டர். அந்தப் பக்கம் ஆள்களை மேய்க்கிறவருக்கு ரைட்டர் என்று பெயர். இவர் லைன் வீட்டிலேயே பிறந்த தமிழர், பாதிப் பேச்சு கன்னடம். அவருக்குப் பின்னால் அந்த அக்கா, தலையில் பிளாஸ்டிக் சாக்கு.

"யாரைக் கேட்டு மூங்கில் எடுத்தே? ஹேளு, சொல்லு."

"சரிவுல வந்ததுன்னு நெனச்சனுங்க."

"சரிவு வெட்டி, கணு சீவி, அளவா அடுக்கி வச்சிட்டுப் போச்சா? பாலத்துக்கு வச்ச மூங்கிலய்யா அது! கட்ற ஆளு ரெண்டு வாரமா இன்னிக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னு ஏமாத்தறான். ஜனம் சுத்தி நடந்து சாகுது. நீ கொண்டுவந்து தண்ணியில நட்டு போட்டோ புடிக்கறே."

கணு சீவியிருந்தது. நான் பார்த்திருந்தேன். கண் அதைப் பார்த்தது, எனக்குப் படவில்லை. இந்த அக்கா போனில் பாறை போனதைச் சொன்ன அதே மூச்சில் பாலம் போனதையும் சொல்லியிருப்பாள். என் காதில் பாறை மட்டும்தான் விழுந்திருக்கும். அவளைப் பார்த்தேன். அவள் என் சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரைட்டரே, அது ஏன் விழல?" என்றாள்.

ரைட்டரும் திரும்பினார். இடுப்பளவு வெள்ளம் நாலு கால்களுக்கு நடுவே பாய்ந்துகொண்டிருந்தது. பலகை அசைந்தது, கட்டு அசையவில்லை.

"யார் கட்டினது?"

"ரெண்டு பேரும்தானுங்க. சாரம்தான் எங்க வேலை" என்றார் மச்சான்.

ரைட்டர் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "தப்புக்குத் தண்டனைன்னு வச்சுக்கோ, வேலைன்னு வச்சுக்கோ. கூலி குடுக்கறேன். நாளைக்குக் காலையில இதைப் பிரிச்சு அங்க கொண்டுவா. பாலம் நின்னதும் போ."

"பலகை அகலம் எவ்வளவு வேணுமுங்க?" என்று நான் அக்காவிடம் கேட்டேன்.

"தலைச்சுமையோட ஒரு ஆளு போகணும். குழந்தைங்க கையைப் புடிச்சுட்டுப் போகணும். அவ்ளோதான் பள்ளம்."

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் அருவியடியில் நின்றோம். மழை சற்றுத் தணிந்து தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. அக்கா வீட்டிலிருந்து பத்து மீட்டர் பிளாஸ்டிக் குழாய் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தட்டி எடுத்து, ஒரு முனையைச் சாரத்துப் பலகையின் மட்டத்தில் நான் பிடித்தேன். மறுமுனையை மச்சான் கரைக்கு மேலே, மண்ணுக்குள்ளிருந்து எழும்பி நிற்கும் தாய்ப்பாறையில் வைத்தார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றதும், "போடுங்க" என்றேன். உளியால் அந்த இடத்தில் ஒரு கோடு வெட்டினார். கோட்டிலிருந்து பலகை எத்தனை முழம், எந்தப் பக்கம் என்பதைப் பழைய பிரிண்ட் ஒன்றின் பின்புறம் எழுதிக்கொண்டேன். அடுத்த ஆடியில் இன்னொரு சாரம் கட்ட வேண்டியிருக்கும். மூங்கிலை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் கத்தியால் முடிச்சுகளை அறுத்தோம். ஒவ்வொன்றும் அறுபட நேரம் எடுத்தது. மூங்கில்களைத் தோளில் வைத்து ஓடைக் கரையோரமாகவே இருநூறு அடி கீழே கொண்டுபோனோம். ரைட்டர் புதுக்கயிறு கொண்டுவந்திருந்தார், நல்ல காய்ந்த நார், சாக்கில் சுற்றி. இரண்டு கரையிலும் மண் சரியாத பாறையாகப் பார்த்துக் கோடு போட்டுவிட்டு, ஒன்பதரை மணிக்கு முதல் காலை ஊன்றினோம். அக்கா அக்கரையில் நின்று, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று கை காட்டினாள். மச்சான் சாக்கில் சரளையை அள்ளிப் போட ஆரம்பித்தார்.